பச்சை போர்டின் சிறிய எழுத்து: பெரிய சங்கிலிக் கடைகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: வழக்கமாகப் போகும் சங்கிலிக் கடையின் வாசலில் ‘2040க்குள் நிகர பூஜ்ஜியம்’ என்று ஆளுயர போர்டு வைத்திருக்கிறார்கள். இதற்கு என்ன அர்த்தம்? நம்பி அங்கேயே வாங்கலாமா?

பதில்: வெளியேற்றும் கார்பனை முடிந்தவரை குறைத்து, மிச்சத்துக்குச் சமமாகக் காற்றிலிருந்து நீக்கினால் கணக்கு ‘நிகர பூஜ்ஜியம்’. எதைக் கணக்கில் சேர்த்துப் பூஜ்ஜியம் என்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் கார்பன் கணக்கை மூன்றாகப் பிரித்து எழுதுகின்றன. சொந்த லாரி எரிக்கும் டீசல், கொதிகலன், குளிர்பெட்டிகளில் கசியும் வாயு எல்லாம் ‘ஸ்கோப் 1’. விலைக்கு வாங்கும் மின்சாரம் ‘ஸ்கோப் 2’. பொருள் விளைந்த வயல், தயாரான ஆலை, ஏறி வந்த கப்பல், வாங்கியவர் வீட்டில் அது இழுக்கும் கரன்ட், கடைசியில் போய்ச் சேரும் குப்பைமேடு என்று மிச்சமெல்லாம் ‘ஸ்கோப் 3’. இந்த மூன்றாவதற்குள் மட்டும் 15 உட்பிரிவுகள். சில்லறை வணிகத்தில் மொத்த வெளியேற்றத்தில் பத்தில் ஒன்பது பங்கோ அதற்கு மேலோ இதில்தான் வருவது வழக்கம். கடை பெரும்பாலும் எதையும் தயாரிப்பதில்லை. பிறர் தயாரித்ததை வாங்கி விற்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே போர்டின் கீழே ‘எங்கள் சொந்தச் செயல்பாடுகளில்’ என்று சின்னதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பூஜ்ஜியம் முதல் இரண்டு வகைக்கு மட்டும்தான். அமெரிக்கச் சங்கிலிக் கடையான வால்மார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் அந்த நிறுவனம், 2040க்குள் கார்பன் ஈடு (வேறு யாரோ வேறிடத்தில் குறைத்ததைக் காசு கொடுத்துத் தன் கணக்கில் சேர்ப்பது) எதுவும் வாங்காமல் பூஜ்ஜியத்தை எட்டுவோம் என்றது. அது சொந்தச் செயல்பாடுகளுக்கு. சப்ளையர்களுக்குத் தனித் திட்டம்: 2017இல் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் கிகாடன்’. 2030க்குள் 100 கோடி டன் வெளியேற்றத்தைத் தவிர்ப்பது இலக்கு. 2024இலேயே எட்டிவிட்டதாக அறிவித்தார்கள். ஆனால் ‘தவிர்த்தது’ வேறு, ‘குறைந்தது’ வேறு. ‘இந்த மாற்றத்தைச் செய்யாமல் இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்கும்’ என்ற கணக்குதான் தவிர்த்தது. அது கூடிக்கொண்டே போகும்போது மொத்தமும் கூடவே ஏறலாம். அதே 2024இன் கடைசியில், சொந்தச் செயல்பாடுகளுக்கான 2025, 2030 இடைக்கால இலக்குகளை எட்ட முடியாமல் போகலாம் என்றும் வால்மார்ட் சொன்னது. இப்படி வெளியே சொல்லும் நிறுவனத்தை, போர்டை மட்டும் ஓசைப்படாமல் மாற்றிவிடும் நிறுவனத்தைவிட ஒரு படி மேலே வைக்கலாம்.

இணையத்தில் கடையின் ஆண்டறிக்கை கிடைத்தால் நேராக எண்கள் உள்ள அட்டவணைக்குப் போங்கள். முன்னுரையும் படங்களும் தேவையில்லை. எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள், மூன்று ஆண்டு உண்மை அளவுகள் வரிசையாக இருக்கின்றனவா, வெளித் தணிக்கையாளர் ஒப்பம் எந்த எண்களுக்கு இருக்கிறது என்று பார்த்தால் போதும். ‘சதுர மீட்டருக்கு 20% குறைத்தோம்’ என்ற வாக்கியத்தில் மட்டும் உஷாராக இருங்கள். சதுர மீட்டருக்கு 20% குறைத்து, கடைப் பரப்பை ஒன்றரை மடங்காக்கினால், மொத்தம் 20% கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மைதான்.

கேள்வி: கடையில் திறந்திருந்த குளிர்பெட்டிகளுக்கெல்லாம் கண்ணாடிக் கதவு போட்டுவிட்டார்கள். பூமியைக் காக்கிறோம் என்று ஸ்டிக்கர் வேறு. கரன்ட் பில்லை மிச்சம் பிடிக்கிறார்கள், அதற்கு இவ்வளவு விளம்பரமா?

பதில்: பில்லும் மிச்சம்தான், அதற்காகக் கதவைக் குறை சொல்ல வேண்டாம். சூப்பர் மார்க்கெட் மின்சாரத்தில் பாதியளவுக்குக் குளிர்பெட்டிகளே எடுத்துக்கொள்கின்றன. திறந்த பெட்டியில் குளிர்காற்று திரைபோல் மேலிருந்து கீழே இறங்குகிறது. ஆள் கை நீட்டும்போதெல்லாம் திரை கிழிந்து, குளிர் தரையில் வழிந்து, வெளியிலிருந்து ஈரக்காற்று உள்ளே போகிறது. அந்த ஈரம் உள்ளே இருக்கும் சுருளில் பனியாகப் படியும். பனியை உருக்க ஹீட்டர் ஓடும். சூடேறிய சுருளை மறுபடி குளிர்விக்கக் கம்ப்ரஸர் ஓடும். கதவு போட்டால் அந்தப் பெட்டியின் செலவில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கும் மேல் குறைகிறது. கண்ணாடியில் வியர்க்காமல் இருக்கச் சட்டத்துக்குள் சின்ன ஹீட்டர் இருக்கும். அது நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தால் லாபத்தில் ஒரு துண்டு போய்விடும்.

ஆனால் ஸ்டிக்கர் பேசாத பெரிய விஷயம் ஒன்று உண்டு: குழாய்க்குள் ஓடும் வாயு. பழைய அமைப்புகளில் பின்னறைக் கம்ப்ரஸரிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் நீளநீளமாகச் செப்புக் குழாய் போகும். பற்றவைத்த மூட்டுகள், வால்வுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதிர்வில் ஏதாவது ஒன்று தளர்ந்துகொண்டேயிருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் சராசரிக் கணக்கில், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சுமார் 3,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,590 கிலோ குளிரூட்டி வாயு இருக்கிறது. அதில் கால் பங்கு ஆண்டுதோறும் கசிகிறது. அந்த வாயு ஆர்-404ஏ என்று வையுங்கள். அதன் ஒரு கிலோ, 3,922 கிலோ கார்பன் டை ஆக்சைடு செய்யும் சூட்டைச் செய்யும். ஆண்டுக் கசிவு சுமார் 397 கிலோ. பெருக்கினால் 1,550 டன்னுக்கு மேல். அதே முகமையின் கணக்கில் ஒரு கார் ஆண்டுக்கு 4.6 டன் விடுகிறது. ஒரே கடையின் கசிவு, 330க்கும் மேற்பட்ட கார்கள் ஓராண்டு ஓடியதற்குச் சமம்! கதவு போட்டதோடு நின்றுவிட்ட கடை பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

என்ன வாயு என்று நீங்களே பார்க்கலாம். தனியாக பிளக்கில் செருகிய ஐஸ்கிரீம் பெட்டியின் பின்பக்கமோ அடியிலோ ஒரு தகடு இருக்கும். அதில் ஆர்-290 என்றால் புரொப்பேன், ஆர்-744 என்றால் கார்பன் டை ஆக்சைடே குளிரூட்டி. இரண்டின் வெப்பமூட்டும் எண்ணும் (கார்பன் டை ஆக்சைடைப்போல எத்தனை மடங்கு சூடாக்கும் என்பது) ஒற்றை இலக்கம்தான். ஆர்-134ஏ என்றால் 1,430. ஆர்-404ஏ என்றால் மேலே சொன்ன கதை. ஆர்-448ஏ, ஆர்-449ஏ இடைவழி, 1,400க்கு அருகில். புரொப்பேன் தீப்பிடிக்கும் வாயு என்பதால் ஒரு சுற்றில் 150 கிராமுக்கு மேல் கூடாது என்று சர்வதேசத் தரவிதி இருந்தது. 2019இல் 500 கிராம் வரை உயர்த்தினார்கள், அதன்பிறகு பெரிய பெட்டிகளுக்கும் வழி பிறந்தது. கார்பன் டை ஆக்சைடு அமைப்பு மிக உயர்ந்த அழுத்தத்தில் ஓடுவது, வெளி வெப்பம் 31 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் திணறும், கூடுதல் கருவிகள் வேண்டும். வெயில் மிகுந்த இடங்களில் கடைகள் தயங்குவது அதனால்தான். 2016இல் ருவாண்டாவின் கிகாலியில், மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு நாடுகள் ஒப்புக்கொண்ட திருத்தம் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, பழைய வகை வாயுக்களின் உற்பத்தி படிப்படியாகக் குறைகிறது. எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். எந்தக் கடை முதலில் மாற்றுகிறது என்பதுதான் கேள்வி.

கேள்வி: துணிப்பை, காகிதப்பை, தடித்த பிளாஸ்டிக் பை – பில் கவுன்டரில் மூன்றும் தொங்குகின்றன. எதை வாங்குவது?

பதில்: மூன்றையும் வாங்காமல் வீட்டில் கிடப்பதை எடுத்துப் போவது. இது தட்டிக்கழிக்கும் பதில் அல்ல, கணக்கே அப்படித்தான் வருகிறது.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வில், மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரே ஒரு முறை பயன்படுத்தினால் ஆகும் புவி வெப்பப் பாதிப்பை அளவுகோலாக வைத்தார்கள். காகிதப்பை அதற்கு ஈடாக 3 முறை பயன்பட வேண்டும், தடித்த பிளாஸ்டிக் பை 4 முறை, நெய்யாத பாலிபுரொப்பிலீன் பை (துணிபோலத் தெரியும் பிளாஸ்டிக்) 11 முறை, பருத்திப் பை 131 முறை. அந்த மெல்லிய பையை வீட்டுக் குப்பைக்கூடைக்கு உறையாகவும் பயன்படுத்துகிறார்கள் என்று சேர்த்தால் பருத்திக்கு 173 ஆகிறது. வாரம் இரண்டு தடவை கொண்டுபோனால் 131 முறைக்கு ஒன்றே கால் வருடம். பருத்திப் பை அதுவரை தாராளமாக உழைக்கும். பிரச்சினை ஒரு பையில் இல்லை. கடை திறப்பு விழா, பண்டிகைச் சலுகை, மாரத்தான் என்று ஒவ்வொருவரும் கொடுத்து அலமாரியில் பதினைந்து சேர்வதில் இருக்கிறது.

2018இன் டென்மார்க் ஆய்விலிருந்து ‘இயற்கைப் பருத்திப் பையை 20,000 முறை பயன்படுத்த வேண்டும்’ என்ற எண் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ஓசோன் படலம் என்ற ஒரே அளவீட்டில் வந்த உச்ச எண். புவி வெப்பத்துக்கு மட்டும் அதே ஆய்வு சொன்னது 149. சாதாரணப் பருத்திக்கு 52. இரண்டு ஆய்வுகளிலும் வடிகாலிலும் கடலிலும் போய்ச் சேரும் பை கணக்கில் இல்லை. அதையும் மறக்க வேண்டாம்.

நெய்யாத பை வாங்கினால் கைப்பிடி உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். வெறுமனே சூட்டில் ஒட்டியிருந்தால் நாலைந்து கிலோவில் பிய்யும். சதுரமாகத் தைத்து அதற்குள் குறுக்காகவும் தைத்திருந்தால் தாங்கும். காரின் பின்கண்ணாடி ஓரத்தில் வெயிலில் போடாதீர்கள். புற ஊதாக் கதிரில் அது மொறுமொறுத்து, பொடிப்பொடியாக உதிரும், அந்தப் பொடியும் பிளாஸ்டிக்தான்.

கட்டணம் வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் 5 பென்ஸ் போட்டார்கள், 2021 மே மாதம் 10 பென்ஸ் ஆக்கினார்கள். பெரிய கடைகளில் மெல்லிய பை விற்பனை 95%க்கும் மேல் விழுந்தது. ஆனால் ஓட்டை இருந்தால் சரக்கு அதன் வழியே போகும். கலிபோர்னியா மெல்லிய பையைத் தடுத்து, ‘திரும்பப் பயன்படுத்தலாம்’ என்று தடித்த பிளாஸ்டிக் பையை விட்டுவைத்தது. மக்கள் அதையும் ஒரே தடவையில் எறிந்தார்கள். கடைசியில் 2024இல் அதையும் தடுத்துச் சட்டம் போட வேண்டியதாயிற்று. 2026 ஜனவரி 1 முதல் அமல்.

கேள்வி: வாசலில் ‘பிளாஸ்டிக் உறைகளை இங்கே போடுங்கள்’ என்று தொட்டி இருக்கிறது. உண்மையிலேயே மறுசுழற்சிக்குப் போகிறதா?

பதில்: கொஞ்சம் போகிறது. 2023இல் அமெரிக்காவில் ஏபிசி செய்தி நிறுவனம், வால்மார்ட், டார்கெட் கடைத் தொட்டிகளில் 46 கண்காணிப்புக் கருவிகளைப் பை மூட்டைகளோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தது. பை மறுசுழற்சி செய்யும் இடங்களில் போய் நின்றவை 4. மிச்சத்தில் பெரும்பகுதி குப்பைமேடு, எரியூட்டி ஆலை என்று போய் நின்றது. தொட்டியில் எண்ணெய்க் கவரும் ரசீதும் காப்பி மிச்சமும் விழுந்தால் மொத்த மூட்டையும் வீண். வாங்கும் ஆலைக்குச் சுத்தமான, காய்ந்த பாலிஎத்திலீன்தான் வேண்டும். இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும் உறை போடலாம். கசக்கினால் சலசலவென்று ஓசையிட்டு, விட்டதும் விரியும் தின்பண்ட உறை பல அடுக்குக் கலப்பு. அதைப் போடவே கூடாது.

கேள்வி: பாட்டிலுக்கு அடியில் முக்கோண அம்பும் எண்ணும் இருந்தால் மறுசுழற்சி ஆகும் என்றுதானே அர்த்தம்? ‘மட்கும்’ கப் வாங்கித் தோட்டத்தில் புதைத்தேன், எட்டு மாதமாக அப்படியே இருக்கிறது.

பதில்: அந்த எண் என்ன பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது. 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் ஆலைக்காரர்கள் தரம் பிரிப்பதற்காகக் கொண்டுவந்தது. 1 (பெட்), 2 (கெட்டிப் பாலிஎத்திலீன்) இரண்டுக்கும் பெரும்பாலும் எடுப்பவர் உண்டு. 5க்கு இடத்தைப் பொறுத்து. 3, 6, 7 அநேகமாகக் குப்பைதான். 7 என்றால் ‘மற்றவை’ என்பதைத் தவிர அர்த்தமே இல்லை.

கப் விஷயத்தில் உங்கள் தோட்டத்தின் மேல் தவறில்லை. ஐரோப்பியத் தரவிதி ஈஎன் 13432 சொல்வது: 12 வாரத்தில் 90% பங்கு 2 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும் அளவுக்கு உதிர வேண்டும், 6 மாதத்துக்குள் 90% மட்க வேண்டும். ஆனால் அந்தச் சோதனை 58 டிகிரி பக்கம் சூடேறும் தொழிற்சாலை உரக்குவியல் நிலையில் நடப்பது. சோளமாவிலிருந்து செய்யும் பிஎல்ஏ கப் அந்தச் சூட்டில்தான் இளகி உடையத் தொடங்கும். தோட்ட மண்ணில் அந்தச் சூடு எங்கே வரும்? ‘வீட்டு உரத்துக்கு உகந்தது’ என்று தனிச் சான்று இல்லாததை வீட்டில் புதைக்க வேண்டாம். பெட் பாட்டில்களோடும் போட வேண்டாம், அந்த லாட்டையே கெடுக்கும். ‘ஆக்ஸோ’ என்று தொடங்கும் பிளாஸ்டிக் வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 3 முதல் சந்தையிலிருந்தே விலக்கிவிட்டது. அது மட்குவதில்லை, நொறுங்கி நுண்துகளாகிறது.

கேள்வி: சோப்புத் திரவம் பாட்டில் பாதியாகிவிட்டது. விலை அதேதான். ‘அடர்வு, பசுமை’ என்கிறார்கள். இது ஏமாற்று வேலைதானே?

பதில்: எத்தனை சலவை என்று பாட்டிலில் போட்டிருக்கும் எண்ணால் விலையை வகுத்துப் பாருங்கள். பழையதும் புதியதும் ஒன்றாக வந்தால் ஏமாற்று இல்லை. மேலும் இது உண்மையிலேயே பலன் தந்த மாற்றங்களில் ஒன்று. பழைய பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர். அதற்கு பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி, லாரியில் இடம். வால்மார்ட் 2007இல், அமெரிக்கக் கடைகளில் இனி அடர்த்திரவம் மட்டுமே என்று அறிவித்து 2008 மே மாதத்துக்குள் மாற்றியது. தயாரிப்பாளர்கள் எல்லோருமே மாற வேண்டியதாயிற்று. ஒரு சங்கிலிக் கடையின் பலம் சோலார் தகட்டில் இருப்பதைவிட இதில் அதிகம் இருக்கிறது: அலமாரியில் எதற்கு இடம் என்று அது சொன்னால் ஆலை கேட்கும்.

வீட்டில்தான் கெடுகிறது. பழைய மூடி அளவிலேயே ஊற்றினால் இரண்டு மடங்கு போகும். நுரை அடங்காமல் மெஷின் கூடுதலாக அலசும், துணியில் பிசுக்கு நிற்கும், பாட்டிலும் பாதி நாளில் காலி. மூடிக்குள் கோடு தெரியாவிட்டால் மார்க்கர் பேனாவால் வெளியே ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

கேள்வி: கடையில் ‘ரீஃபில்’ குழாய் வைத்திருக்கிறார்கள். பாத்திரம் கொண்டுபோய் வாங்கினால் லாபமா?

பதில்: 100 கிராமுக்கு என்ன விலை என்று பாக்கெட்டோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்; பல கடைகளில் ரீஃபில் கூடுதலாகவே இருக்கிறது. பிரிட்டனின் டெஸ்கோ தன் 10 கடைகளில் ‘லூப்’ என்ற பெயரில் டப்பாவைத் திருப்பித் தரும் முறையை நடத்திப் பார்த்து 2022இல் நிறுத்திவிட்டது. டப்பா திரும்பத் திரும்ப வந்தால்தான் இந்த முறையில் லாபம். வீட்டில் தங்கிவிட்டால் கனமான டப்பாவைச் செய்த பாதிப்பு மட்டும் மிஞ்சும்.

போகிறீர்கள் என்றால், காலி டப்பாவை முதலில் தராசில் வைத்து எடையைக் கழிக்கும் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். 400 கிராம் கண்ணாடிச் சாடியைக் கழிக்க மறந்தால் சாடிக்கும் பருப்பு விலை கொடுப்பீர்கள். டப்பா உள்ளே ஈரமாக இருந்தால் மாவும் தானியமும் கட்டிபட்டு, நாலு நாளில் வாடை வரும். முந்தின இரவே கழுவிக் கவிழ்த்து வையுங்கள். தொட்டியில் ஒட்டியிருக்கும் தேதி, லாட் எண், ஒவ்வாமைக் குறிப்பு மூன்றையும் போனில் படம் எடுங்கள், ஏனென்றால் வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் டப்பாவில் எதுவும் எழுதியிருக்காது. துப்புரவுத் திரவத்துக்கு ஒரு பாட்டில் ஒரு பொருளுக்கு மட்டும். பிளீச் இருந்த பாட்டிலில் கழிப்பறை அமிலத்தை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். இதில் விளையாட்டே கூடாது.

கேள்வி: ‘மறுசுழற்சி பாலியெஸ்டர்’ என்ற பச்சைத் தாள் தொங்கும் சட்டைக்கு அதிக விலை. தரலாமா? மூங்கில் துணி என்றும் ஒன்று விற்கிறார்கள்.

பதில்: தொங்கும் தாள் விளம்பரம். உள்தையலில் இருக்கும் துணிப்பட்டைதான் சட்டப்படி எழுதியது, அதைப் புரட்டுங்கள். 60% பருத்தி, 40% பாலியெஸ்டர், அந்தப் பாலியெஸ்டரில் பாதி மறுசுழற்சி என்றால் மொத்தச் சட்டையில் 20%தான். பருத்தி-பாலியெஸ்டர் கலந்த துணியைப் பிரித்து மறுபடி நூலாக்குவது கடினம், ஆகவே அந்தச் சட்டையோடு அந்தப் பயணம் முடிந்தது. அந்த மறுசுழற்சி இழையும் பெரும்பாலும் பழைய துணியிலிருந்து வருவதில்லை, தண்ணீர் பாட்டிலிலிருந்து வருகிறது. பாட்டிலாகவே இருந்திருந்தால் இன்னும் சில சுற்று வந்திருக்கும். மறுசுழற்சி இழைக்கு இரண்டு சான்றுகள் உண்டு: ஜிஆர்எஸ் முத்திரையைப் பொருளில் போட 50% மறுசுழற்சி வேண்டும். ஆர்சிஎஸ் முத்திரைக்கு 5% போதும். எந்த முத்திரை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூங்கில் துணி என்பது அநேகமாக ரேயான். மூங்கிலைக் கடும் ரசாயனத்தில் கரைத்து இழுத்த இழை. மூங்கிலின் குணம் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இப்படி ரேயானை மூங்கில் என்று விற்றதாக 2022 ஏப்ரலில் அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கையில் கோல்ஸ் 25 லட்சம் டாலரும், வால்மார்ட் 30 லட்சம் டாலரும் கட்ட நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நெதர்லாந்து நுகர்வோர் ஆணையம் எச் அண்ட் எம்மின் ‘கான்ஷியஸ்’, டெக்காத்லானின் ‘எக்கோடிசைன்’ என்ற சொற்கள் தெளிவில்லாதவை என்றது. இரண்டும் அவற்றை மாற்றவோ எடுக்கவோ சம்மதித்து, முறையே 5 லட்சம், 4 லட்சம் யூரோ நன்கொடையும் தந்தன. பெரிய பெயர் என்பதற்காகச் சொல்லுக்கு ஆதாரம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: மரச்சாமானில் ‘எஃப்எஸ்சி மிக்ஸ்’ என்று இருக்கிறது. பாமாயில் பொருளில் ‘மாஸ் பேலன்ஸ்’ என்று இருக்கிறது. நல்லதுதானே?

பதில்: ஒன்றுமில்லாததைவிட நல்லது. எஃப்எஸ்சி என்பது பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளுக்கான சான்று. அதில் ‘100%’ என்றால் மொத்த மரமும் சான்று பெற்ற காட்டிலிருந்து. ‘மிக்ஸ்’ என்றால் அத்தோடு மறுசுழற்சி மரமும், சான்று இல்லாவிட்டாலும் மோசமான மூலங்களைத் தவிர்த்த மரமும் கலந்தது. முத்திரைக்கு அருகில் ஆறு இலக்க உரிம எண் இருக்க வேண்டும், அதை அவர்கள் தளத்தில் தேடினால் எந்த நிறுவனம் என்று வரும். எண் இல்லாத மரப்படம் வெறும் படம். மாஸ் பேலன்ஸ் என்பது கணக்குப் புத்தகச் சமாச்சாரம். ஒரே தொட்டியில் 100 டன் சான்று எண்ணெயும் 900 டன் சாதாரண எண்ணெயும் கலந்தால், 100 டன்னைச் சான்றோடு விற்கலாம். உங்கள் பாட்டிலில் சான்று எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அந்த அளவு எங்கோ ஒழுங்காக விளைந்திருக்கிறது. தனியாகவே பிரித்து வந்தது வேண்டுமென்றால் ‘செக்ரிகேட்டட்’ என்று பாருங்கள்.

கேள்வி: சாலடுக் கீரை, பழம் எல்லாம் தேதி போடாமல் விற்கிறார்கள். பழையதைத் தள்ளிவிடும் தந்திரமா?

பதில்: இரண்டு தேதிகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘இதற்குள் உண்ணவும்’ என்பது பாதுகாப்பு, தாண்டினால் எறிந்துவிடுங்கள். ‘இதற்கு முன் சிறந்தது’ என்பது தரம். தாண்டினாலும் பார்த்து, முகர்ந்து முடிவு செய்யலாம். கடைகள் எடுப்பது இரண்டாவதை. பிரிட்டனில் எம் அண்ட் எஸ் 2022 ஜூலையில் 300க்கும் மேற்பட்ட பழம், காய் வகைகளில் இதை நீக்கியது. நல்ல காரியம்தான்.

வீணாவதில் கடையின் பங்கை அளக்க வேறொன்றைப் பாருங்கள்: ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’. கடையில் வீணாக வேண்டியதை உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றும் வழி அது. 2013இல் டெஸ்கோ தன் சாலடுப் பைகளைக் கணக்கிட்டபோது வயலிலிருந்து வீடு வரை 68% வீணாவது தெரிந்து, பெரிய பைகளுக்கு அந்தச் சலுகையை நிறுத்தியது. ‘குப்பைமேட்டுக்குப் பூஜ்ஜியம்’ என்ற வாசகமும் கவனிக்க வேண்டியது. எரித்தாலும் அது பூஜ்ஜியம்தான். சாப்பிடக்கூடியதை எத்தனை டன் மனிதருக்குக் கொடுத்தார்கள் என்று தனி எண் இருக்கிறதா? பிரான்ஸில் 2016 முதல் 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகள் உண்ணத்தக்க மிச்சத்தை அழிக்கக் கூடாது. தொண்டு அமைப்போடு ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கும்போது ‘சிறு தொகை சேர்த்தால் கார்பன் சமன்’ என்று பெட்டி வருகிறது. டிக் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அது எங்கோ மரம் நடுவது போன்றவற்றுக்கான ஈடு; உங்கள் வண்டி எரித்த எண்ணெய் எரிந்ததுதான். ஈடு வாங்கியதை மட்டும் வைத்துப் பொருளை ‘கார்பன் சமன்’ என்று விற்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 எண் கட்டளை தடுக்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் பொருந்தும். காசில்லாமல் செய்யக்கூடியது: பல பொருளை ஒரே டெலிவரியில் சேர்ப்பது, அளவு சந்தேகமாக இருக்கும் சட்டையை இரண்டு அளவில் வரவழைத்து ஒன்றைத் திருப்பும் பழக்கத்தை விடுவது.

கேள்வி: பொய்யான பசுமை வாசகம் என்று தோன்றினால் யாரிடம், எப்படிக் கேட்பது?

பதில்: முதலில் கடையின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில். கிளை மேலாளரைக் கேட்டுப் பயனில்லை, போர்டு அவருக்கும் பார்சலில்தான் வந்தது. வாசகத்தின் படம், பொருளின் பின்பக்கப் படம், பார்கோடு எண், லாட் எண், வாங்கிய தேதி, ரசீது எல்லாம் சேருங்கள். பில் தாள் சீக்கிரம் மங்கும், அன்றே படம் எடுத்துவிடுங்கள். 30 நாள் கெடு கொடுத்து, பதில் வராவிட்டால் அதே ஆவணங்களை உங்கள் நாட்டின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புக்கோ நுகர்வோர் ஆணையத்துக்கோ அனுப்புங்கள். விளம்பர அமைப்புக்கு அனுப்புவதில் செலவு பெரும்பாலும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ‘நீங்கள் ஏமாற்றுகிறீர்கள்’ என்று எழுதினால் நன்றி கூறும் அச்சுக் கடிதம் வரும். கேள்வியாக எழுதினால் யாராவது உட்கார்ந்து பதில் தேட வேண்டியிருக்கும். இப்படி:

“இந்தப் பொருளில் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இது பொருளைக் குறிக்கிறதா, உறையையா? எத்தனை சதவீதம், எதனோடு ஒப்பிட்டு, எந்த ஆண்டில் அளந்தது? அளந்தவர் யார், அந்த அறிக்கையின் நகல் கிடைக்குமா?”